பெட்டியைத் திறந்து காட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்காரர் பிழைத்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லு மாதிரிதான் இருக்கிறார். ஏரியில் இறங்கி வலை கட்டுகிற உரிமை ஒன்று இருக்கிறதே... அது போகப் பார்த்தது. அது போனால் அந்த ஊரில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பம். பெயரைச் சொன்னால் அடுத்த முறை எனக்கு இறால் குழம்பு கிடைக்காது. வெறும் குப்பம் என்றே வைத்துக்கொள்வோம்.

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். பழைய வாசகர்கள் கேட்கமாட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், உப்பளம், கூடூர் ஓட்டலில் டேபிள் துடைப்பது, ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் படுக்கை... ஒரு வேலை போய் அடுத்தது கிடைக்கிறவரை அக்கா வீடு. இந்தத் தடவை இறால் கம்பெனி ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் தோல் உரித்து, விரல் நுனியெல்லாம் வெந்துபோய் வந்திருந்தேன். விரல் ஆறும்வரை சும்மா இருக்கலாம் என்று நினைப்பு.

சும்மா இருக்க விட்டால்தானே!

முதலில் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் இறால் கொட்டும். உள்ளே தள்ளிக் கட்டினால் பாசிதான் வரும். எல்லோரும் முகத்துவாரத்துக்கே போனால்? வெட்டுக்குத்து. அதனால் முறை வைத்திருக்கிறார்கள் – இன்றைக்கு இந்த வீட்டுக்கு முகத்துவாரம், நாளைக்கு அடுத்த வீட்டுக்கு. இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வரிசையில் யார் முதல், யார் கடைசி என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

சீட்டு என்றால் காகிதம் இல்லை. வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டை. வீட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொன்றிலும் அந்த வீட்டு அடையாளம். எல்லாவற்றையும் பானையில் போட்டு, கண்ணைக் கட்டிய ஒருவர் எடுப்பார். சுற்றி ஊரே நிற்கும். இதில் யார் ஏமாற்ற முடியும்?

முடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்திசாலி, தன் வீட்டுக் கட்டையை மட்டும் நாள் முழுக்க வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து போட்டான். கண் கட்டிய ஆள் அவன் மைத்துனன். பானைக்குள் கை விட்டால் சூடாக இருப்பது எது என்று தெரியாதா? கண்டுபிடித்ததும் நடந்த சண்டையில் மூன்று பேருக்கு மண்டையில் தையல்.

அப்போதுதான் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மெஷின் வாங்கலாம் என்றார். மாமா பேர் கன்னியப்பன். ஒன்பதாவது வரை படித்தவர் – எங்கள் குடும்பத்தில் அதுதான் டாக்டர் பட்டம். மீனவர் சங்கத்தில் எழுத்து வேலையும் அவருடையது. "மெஷினுக்கு ஏது கை? அதுக்கு சூடு தெரியுமா, மச்சான் தெரியுமா?" என்று கேட்டார். ஊருக்கு அது பிடித்துப்போனது.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதைப் பஞ்சாயத்து டிவியில் மாட்டுவார்கள். பாட்டு கேட்கிற அதே டேப் ரெக்கார்டரில் புரோகிராம் உள்ள கேசட்டைப் போட்டால் 'கீ...' என்று ஒரு அலறல். அலறி முடித்ததும் டிவியில் பெயர்கள் வரிசையாக வரும். புரோகிராம் எழுதியது நூர்ஜஹான். பழவேற்காடு டவுன் பெண், மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. அவளே வந்து, சங்கத்து அறையில் உட்கார்ந்து, ஊர் வழக்கத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். மாமா தினமும் காலையில் பொத்தானை அழுத்துவார். அன்றைய பாடு வரும்.

ஒரு வருஷம் ஓடியது. ஒரு சண்டை இல்லை. நாட்டார் – ஊர்த் தலைவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள் – பக்கத்துக் குப்பத்துக்கெல்லாம் போய்ப் பெருமை பேசிவிட்டு வந்தார்.

அப்புறம் முனுசாமியின் அம்மா செத்துப்போனார்.

சாவு விழுந்த வீட்டில் தீட்டு கழிகிறவரை வலை எடுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் முனுசாமிக்கு முகத்துவாரப் பாடு வரவேண்டியிருந்தது. தீட்டு என்று மாமா தட்டியதும் மெஷின் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது. அடுத்த வீடு யார்? கன்னியப்பன். தீட்டு கழித்து முனுசாமி வந்து பார்த்தால் அவர் பெயர் வரிசையின் கடைசியில் தொங்குகிறது. துக்கத்தில் இருந்தவர், ஒரு சுற்று முழுக்கக் காத்திருந்தார். பாடு பக்கத்தில் வரும்போது அவருடைய அண்ணன் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மறுபடி தீட்டு. கடைசிக்குப் போன முனுசாமிக்குப் பின்னாலேயே, பாடு முடித்த கன்னியப்பனும் போய் நின்றிருந்ததால், மறுபடியும் அடுத்த வீடு... கன்னியப்பன்.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

முனுசாமி சங்கத்து வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா செத்துச்சு, உனுக்குப் பாடு. எங்கண்ணன் கொழந்த செத்துச்சு, அப்பவும் உனுக்குப் பாடு. எங்க ஊட்ல எழவு வுழுந்தா உங்க ஊட்ல எறா வுழுது. இது இன்னா கணக்கு நைனா?"

"நான் ஒண்ணும் பண்ணல முனுசாமி. மெஷின் சொல்லுது" என்றார் மாமா.

"மெஷின் சொல்லுதா? பொத்தான அமுக்கறது யாரு, மெஷினா? நீதான? அப்ப மெஷினைப் பேசச் சொல்லு. அதுக்குள்ள இன்னா கீதுன்னு காட்டச் சொல்லு."

மாமாவால் காட்ட முடியவில்லை. பெட்டி வரிசையைத்தான் சொல்லும். ஏன் அந்த வரிசை என்று சொல்லாது. உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்க எந்தப் பொத்தானை அழுத்தினாலும் டிவி இருண்டுபோகும். கம்ப்யூட்டர் கடைக்காரர் பூட்டிக் கொடுத்திருந்தார் – யாரும் காப்பி அடிக்கக் கூடாதே!

நாட்டார் கூட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ஊர்ச் சபையில் மாமா விளக்கம் சொல்லவேண்டும். இல்லையென்றால் தலைக்கட்டு நீக்கம். அதாவது, ஊர்ப் பாட்டில் அந்த வீட்டுக்கு உள்ள பங்கு போய்விடும். மாமா இனி ஏரியில் வலை கட்ட முடியாது. கம்பெனி ஷெட்டுக்குத் தோல் உரிக்கப் போகலாம், மீஞ்சூரில் மூட்டை தூக்கலாம். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். செத்துப்போகமாட்டோம். ஆனால் ஐம்பது வயதில் புதிதாகத் தொடங்குகிற வேலை அது இல்லை.

வீட்டில் மாமா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. அக்காதான் பேசினாள்.

"டேய், சும்மா குந்திகினு கீறியே, மெட்ராஸுக்குப் போய் அந்தப் பாயம்மா பொண்ணப் பாரு. உள்ள இன்னா எழுதிச்சோ, அத்த எழுதி வாங்கிகினு வா."

பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில். கடை ஒரு சந்துக்குள், ஆள் திரும்ப முடியாத மாடிப்படிக்கு மேலே இருந்தது. ஏ.சி. ஓடியது. மெஷின்களுக்காம். மனிதர்களுக்கு வாசலிலேயே செருப்பைக் கழற்றவேண்டும்.

நான் சொன்னதைக் கேட்டதும் நூர்ஜஹான் எழுந்துவிட்டாள். நேராக முதலாளியிடம் போனாள். புரோகிராமை பிரிண்ட் எடுத்துத் தரவேண்டும், ஊர் முன்னால் வைத்துப் படிக்கவேண்டும் என்றாள்.

"அது கம்பெனி சொத்தும்மா" என்றார் முதலாளி. நல்ல மனிதர், கோபமே வராது. "இன்னிக்கு உங்க ஊருக்குக் காட்டுவே. நாளைக்கு எவனாவது அதப் பாத்து எழுதிக்குவான். கதவத் திறந்து வச்சுட்டு வியாபாரம் பண்ண முடியுமா?"

"சார், வெளிநாட்டுல இப்ப சில பேரு இதத்தான் சொல்லிட்டிருக்காங்க. புரோகிராமை யாரு உபயோகப்படுத்தறாங்களோ, அவங்களுக்கு அதப் படிக்கவும் திருத்தவும் உரிமை இருக்கணும்னு. பக்கத்து ஆளுக்குக் குடுக்கவும்தான். பத்திரிகையில படிச்சேன்."

"அவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்களாம்? அதப் பத்திரிகையில போட்டிருந்தானா?"

நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. ஆனால் எனக்கு லாரி தெரியும்.

"சார், நான் லாரி கிளீனரா இருந்தவன். பானெட்ட வெல்டிங் வச்சு மூடின லாரின்னு ஒண்ணு வித்தா, எந்த டிரைவரும் வாங்கமாட்டான் சார். நடு ரோட்ல நின்னா தொறந்து பாக்க வேணாமா? தொறந்து பாக்கறதால லாரி கம்பெனி இன்னா மூடிட்டானா?"

"லாரி வேற. இது வேற."

"வேறதான் சார். லாரி நின்னா சரக்குதான் நிக்கும். இது நின்னா எங்க மாமா சோறு நின்னுபோவும்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நூர்ஜஹான் கடைசியாக ஒன்று சொன்னாள். "சார், காட்டலைன்னா ஞாயித்துக்கிழமை அந்த மெஷினைத் தூக்கி ஏரியில போட்டுடுவாங்க. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு குப்பமும் நம்ம கடைக்கு வராது."

அது வேலை செய்தது. கொள்கை பேசினால் துடைக்கிற கண்ணாடி, வியாபாரம் பேசினால் மூக்கில் ஏறுகிறது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பேப்பர் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். பிரிண்டர் ஆடிக்கொண்டே கரகரவென்று அடித்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக, நீளமான பேப்பர்.

படியில் இறங்கும்போது நூர்ஜஹான் நின்றாள். "அண்ணே, படிச்சுப் பாக்கும்போது தப்பு என் மேலன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா திருத்து. தெரியாம இருந்தா இன்னா பண்ணுவ?"

தைரியமாகச் சொல்லிவிட்டேன். ரயிலில் எனக்கே வேறு ஒரு பயம் வந்தது. உள்ளே நிஜமாகவே மாமா பெயர் தனியாக எழுதியிருந்தால்? மாமா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் பூட்டிய பெட்டி அப்படித்தான் – நல்லவனையும் சந்தேகப்பட வைக்கும். சொந்த மச்சானையே சந்தேகப்பட வைத்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏரிக்கரையில் சபை. டிவியைச் சங்கத்து வாசலுக்குத் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். "சாயங்காலம் படம் போடறதுக்குள்ள முடிங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பழவேற்காட்டிலிருந்து நூர்ஜஹான் வந்ததும் ஒரு முணுமுணுப்பு.

"சபையில பொம்பள பேசற வழக்கமில்லியே" என்றார் நாட்டார்.

வெளியே பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா கத்தினாள். "சபையில மிஷினு பேசற வழக்கம் மட்டும் எப்பலேர்ந்து வந்துச்சு?"

சிரிப்பு. நாட்டாரும் சிரித்துவிட்டார். நூர்ஜஹானுக்குக் கவிழ்த்த படகின் மேல் இடம் கிடைத்தது. மாமா எதிரில், மணலில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் பேப்பரை விரித்தாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், காற்று அடித்தது. இங்கிலீஷில் ஒரு வரி பார்ப்பாள், தமிழில் சொல்வாள்.

"எல்லா வீட்டுப் பேரையும் எடுத்துக்கோ. குலுக்கு. வரிசையா நிறுத்து."

"கன்னியப்பன் பேரு தனியா கீதா?" – முனுசாமி.

"யாரு பேரும் தனியா இல்லண்ணே. எல்லாப் பேரும் ஒண்ணா இதோ இங்க. வந்து பாருங்க." அவர் வந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயருக்கும் மாமா பெயருக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான் என்று உறுதி செய்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

நூர்ஜஹான் தொடர்ந்தாள். "இன்னிக்கு முதல் வீட்டுக்கு முகத்துவாரம். நாளைக்கு அடுத்த வீட்டுக்கு... புயல் வந்தா அன்னிக்கு யாருக்கும் இல்ல, முறை மாறாம நிக்கும்."

"கரெட்டு" என்றது கூட்டம். ஒவ்வொரு வரிக்கும் கரெட்டு. கோயிலில் கோவிந்தா போடுவது மாதிரி.

"தீட்டு வீடு வந்தா, அந்த வீட்டக் கடைசிக்குத் தள்ளு. அடுத்த வீட்ட எடு."

கரெட்டு வரவில்லை.

"இன்னாது? கடைசிக்கா?" – முனுசாமி எழுந்துவிட்டார்.

"கடைசிக்கு எவன் தள்ளச் சொன்னான்?" என்று இன்னொருவர்.

நூர்ஜஹான் திரும்ப ஒரு தடவை அந்த வரியைப் படித்தாள். "சாவு வீட்டுக்கு என்னன்னு நான் கேட்டேன். அன்னிக்குப் பாடு கிடையாது, அடுத்த வீட்டுக்குப் போவும்னு சொன்னீங்க. அவங்க திரும்பி வந்தா என்னன்னு யாரும் சொல்லல. நானா கடைசியில வச்சேன்."

நாட்டார் மெதுவாகச் சொன்னார். "திரும்பி வந்ததும் மொத பாடு அவனுதும்மா. எழவு ஊடுன்னா கையில ஒண்ணும் இருக்காதுல்ல. ஊரு வுட்டுக் குடுக்கும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து அதான்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அத்த யாருன்னா சொல்லுவாங்களாம்மா? எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே!"

"எனக்குத் தெரியாதே. மெஷினுக்கும் தெரியாதே."

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. "பொத்தான தெனம் அமுக்கற கன்னியப்பனுக்கும் தோணலயேடா! பெரிய படிப்பு!" எல்லோரும் சிரித்தார்கள். மாமா தலையை நிமிர்த்தினார்.

முனுசாமி சிரிக்கவில்லை. "திருத்து தங்கச்சி. எங்க கண்ணு முன்னால திருத்து" என்றார்.

அவள் கேசட்டைப் போட்டாள். கீ... அலறல். பூட்டைக் கழற்றினாள். ஊர் மொத்தமும் பார்க்க, டிவியில் அந்த ஒரு வரியை அழித்து வேறு வரி எழுதினாள். பொத்தானை அழுத்தினாள். வரிசையின் உச்சியில் முனுசாமி. அடுத்த முறையும் முனுசாமி. விட்டுப்போன இரண்டு பாடும் திரும்பி வந்துவிட்டன. யாரோ விசில் அடித்தார்கள். சரியாகப் படம் போடுகிற நேரம். மெஷினைக் கழற்றி, ஆன்டெனா வயரை மாட்டி, அப்படியே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் படத்தில் மனம் போகவில்லை. யாரும் இதில் திருடவில்லை. நூர்ஜஹான் தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினாள். ஊர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னது. மாமா பொத்தானைத்தான் அழுத்தினார். ஆனாலும் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வர இருந்ததே! கடைக்காரர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார் என்று நாம் கோபப்பட்டோம். ஊர் வழக்கம் மட்டும் என்னவாம்? அதுவும் பூட்டிய பெட்டிதான். 'எல்லோருக்கும் தெரியும்' என்கிற பூட்டு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மணலில் திறந்துவைத்ததால் பிழைத்தோம்.

அந்தப் பேப்பர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. சங்கத்துச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டார்கள். நேற்று முதலாளியே நேரில் வந்தார், கோபப்படலாம் என்ற முடிவோடு. வந்து பார்த்தால் சுவருக்கு முன்னால் பக்கத்துக் குப்பத்து ஆட்கள் நிற்கிறார்கள், நூர்ஜஹான் வரி வரியாக விளக்கிக்கொண்டிருக்கிறாள். "எங்களுக்கும் ஒண்ணு வோணும். ஆனா எங்க வழக்கம் வேற. மாத்தித் தருவீங்களா? சொவத்துல ஒட்டித் தரணும்" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மாற்றித் தரும் வேலைக்குத் துட்டு உண்டா என்று கேட்டார். உண்டு என்றார்கள். பேப்பரைக் கிழிக்கப் போன கை, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்கிற கேள்விக்கு எங்கள் குப்பத்தில் கிடைத்த பதில் அவ்வளவுதான். பெரிய ஊர்களில் எப்படியோ, தெரியாது.

ஆனால் வியாதி பரவிவிட்டது. இன்று காலை இறால் வாங்க வந்த கம்பெனி ஏஜென்டின் புது எலெக்ட்ரானிக் தராசைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றது என் அக்கா. "அது எப்டி எட போடுதுன்னு மொதல்ல தொறந்து காட்டு. அப்பால கூடைய எறக்கறோம்." ஏஜென்ட் பழைய தராசை எடுத்துவர ஆள் அனுப்பியிருக்கிறார்.

முனுசாமி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இன்று அவருடைய பாடு. கரை ஏறியதும், ஒரு கூடை இறாலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாமா கூடையை உள்ளே எடுத்து வைத்தார். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டார் – ஒரு வாரத்துக்கும் சேர்த்து.

அக்கா வைத்த அந்தக் குழம்பு மாதிரி நான் கூடூரிலும் சாப்பிட்டதில்லை, மெட்ராஸிலும் சாப்பிட்டதில்லை. உங்களுக்கும் எழுதலாமே என்று, உள்ளே என்னென்ன போட்டாய் என்று கேட்டேன்.

"அது கம்பெனி சொத்து, போடா" என்றாள்.